ஏழு பல் ஹேண்ட்பிரேக்

இது நடந்தது. மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள் நான். ஒன்று கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. அதனால் எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. என் தம்பி குதைபாவுக்கு இதில் பாதிதான் தெரியும். மீதியை இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன். நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை.

என் பெயர் ஹதீல். அம்மான் நகரத்தில், அஷ்ரஃபிய்யா மலையில் எங்கள் வீடு. எங்கள் தெருவில் மேல்வீட்டுக்காரி தக்காளியைத் தவறவிட்டால் கீழ்வீட்டுக்காரிக்குச் சட்னியாகத்தான் போய்ச் சேரும். அவ்வளவு சரிவு. காரை நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கைப் பிடுங்கி எடுக்கிற மாதிரி இழுப்போம். சக்கரத்தை நடைபாதைப் பக்கம் ஒடித்து வைப்போம். அப்புறம் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைப்போம். ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டுக் கல் கிடக்கும். அடுத்தவன் கல்லை எடுத்தவனை எங்கள் தெரு மன்னித்ததில்லை.

எனக்குக் கார்ப் பைத்தியம். அஸ்ரக் போகும் பாதையில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, நம் சொந்தக் காரையே கொண்டுபோய் அதில் ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. சாலையில் போனால் போலீஸ் உள்ளே தூக்கி வைக்கிற வேகத்தில் அங்கே தைரியமாகப் போகலாம், அவ்வளவுதான். என்றைக்காவது ஒருநாள் அங்கே ஓட்டியே தீர்வது என்று வைராக்கியமாக இருந்தேன்.

அதற்காகத்தான் அந்த வெள்ளைக் காரை வாங்கினேன். எங்கள் ஊர்க் கார்களைப் போல இடதுபக்கம் ஸ்டியரிங்; கையால் கியர் போடுகிற பழைய கார். எங்கள் ஊரில் அது கிடைப்பதே அபூர்வம். ஸல்ட் ஊரில் அபூ சுஹைப் என்பவர் விற்றார். அறுபது வயதிருக்கும். கார் ஒரு வருடமாக ஓடவில்லை என்றார். வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தது. ஹேண்ட்பிரேக் லீவர் வானத்தைப் பார்த்து நின்றது. அதை இறக்க குதைபா இரண்டு கையும் போட வேண்டியிருந்தது.

அன்றைக்கே ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. மனிதர் சாவியை இடது கையால் நீட்டினார். காப்பியையும் இடது கையால்தான் குடித்தார். வலது கை கோட்டுப் பையை விட்டு வெளியே வரவே இல்லை. பெண் என்பதால் எனக்குக் கை கொடுக்கவில்லை, சரி. குதைபா நீட்டிய கையையும் அவர் பற்றவில்லை. மரியாதை தெரியாத கிழவர் என்று நினைத்துக்கொண்டேன். சுஹைபின் அப்பா என்று பெயர் சொன்ன மனிதரிடம், சுஹைப் எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பும்போது கார் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லம்மா. ஹேண்ட்பிரேக்கை மட்டும் எப்பவும் இழுத்து வை. சமமான தரையா இருந்தாலும்."

மலை ஊர்க்காரர் வேறு என்ன சொல்வார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை மாத ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தேன். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் காரைத் தயார் செய்ய உட்கார்ந்தோம். அம்மாவுக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. குதைபாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மண்டபம் பேசி, உறவுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"நீ எங்க வேணா போய் முட்டிக்க," என்றாள் அம்மா. "மாப்பிள்ளைப் பையனை ஒரு கீறல் இல்லாம எனக்குத் திருப்பிக் கொடுத்துடு."

"கார் ஓட்டறது அவதாம்மா. நான் ஸ்பானர் பிடிக்கிறவன்," என்றான் குதைபா.

"ஸ்பானர் பிடிக்கிறவன்தான்டா முதல்ல அடிபடுவான்."

அப்போது நாங்கள் சிரித்தோம்.

முதல்முறை தடத்துக்குப் போகிறவர்கள் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். உண்மையில் முதலில் தோற்றுப் போவது பிரேக். பழைய பிரேக் ஆயில் சூட்டில் கொதித்துவிட்டால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால் ஆயிலை மாற்றினோம். நான்கு சக்கரத்துக்கும் புது பிரேக் பேட் போட்டோம். அடுத்தது உள்ளே கிடப்பதையெல்லாம் காலி செய்வது. வளைவில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து மிதிக்கு அடியில் மாட்டினால் போதும், கதை முடிந்தது. டிஷ்யூ டப்பா, குடை, திருஷ்டிக்கு அம்மா கண்ணாடியில் தொங்கவிட்ட நீலக்கண் மணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கார் ஸ்டாண்டின் மேல் நின்றது. குதைபா பின்சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தான். பேட் போடுவதற்காக ஹேண்ட்பிரேக்கை நானே இறக்கி வைத்திருந்தேன்.

டக்… டக்… டக்…

"அக்கா, விரல் உள்ள இருக்கு. ஏன் இழுக்கறே?"

"நான் எங்கடா இழுத்தேன்?"

நான் டிக்கிப் பக்கம் நின்றிருந்தேன், கையில் டிஷ்யூ டப்பாவோடு.

இருவரும் போய்ப் பார்த்தோம். லீவர் மேலே நின்றது. வாங்கிய அன்று நின்ற அதே உயரத்தில். இறக்கிவிட்டு நான் இழுத்துப் பார்த்தேன். ஒரு 'டக்'குக்கு ஒரு பல்; எனக்கு நான்கு பல்தான் ஏறியது. குதைபா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ஐந்து. அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"கேபிள் பழசு. எங்கயோ சிக்கி இழுக்குது," என்றான்.

அது கேபிள்தான் என்று நானும் முடிவு செய்தேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை. வெயிலுக்குப் பயந்து ஓட்டத்தை மாலை நான்கு மணிக்குத்தான் தொடங்குவார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் பெயர் முஹன்னத். எல்லாரும் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். புதிதாக வந்தவர்களை உட்கார வைத்துப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஓட்டி முடிச்சதும் பிரேக் நெருப்பா கொதிக்கும். நிறுத்தற இடத்துல ஹேண்ட்பிரேக் இழுக்காதீங்க. பேட் அப்படியே தகட்டோட ஒட்டிக்கும். நியூட்ரல் போட்டு அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஓட விடுங்க. சக்கரத்துக்குக் கல் வைங்க."

குதைபா சுற்றிலும் பார்த்தான்.

"கல்லா? மேசை மாதிரி கிடக்கு தரை. இதுக்கு ஒரு கல்லா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் ஊர்க்காரர்களின் கோளாறு இது. ஏறும்போது மூச்சு வாங்காத இடமெல்லாம் எங்களுக்குச் சமவெளிதான். அந்த நிறுத்துமிடம் மழைநீர் ஓடுவதற்காகப் பின்பக்கம் சரித்துக் கட்டியது என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் சுற்றில் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்தார். "பிரேக்… இப்ப. பார்வை தூரமா. மூச்சு விடும்மா." ஆமாம், நான் மூச்சு விட மறந்திருந்தேன். நேர்ச்சாலையில் நூற்று அறுபது தொட்டது. திரும்பி வந்தபோது முகம் வலித்தது. அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நியூட்ரல் போட்டேன். ஹேண்ட்பிரேக்கைத் தொடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து எஞ்சினை அணைத்துவிட்டு, இருவரும் தேநீர் குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் ஒரு கருகல் வாசனை.

உள்ளே எட்டிப் பார்த்தேன்.

லீவர் மேலே நின்றது. உச்சியில்.

"குதைபா, கேப்டன் சொன்னது காதுல விழலையா?"

"உன்கூடத்தானே இருந்தேன். தேத்தண்ணிக் கிளாஸு இன்னும் கையில இருக்கு, பாரு."

உண்மைதான். இருந்தது.

லீவரை இறக்கினோம். கார் நகரவில்லை. பேட் ஒட்டியிருந்தது. கேப்டன் வந்து தள்ளச் சொன்னார். டங் என்று விட்டது.

"யார் இழுத்தது?"

குதைபா என்னைப் பார்த்தான், நான் லீவரைப் பார்த்தேன்.

"இனிமே இழுக்காதீங்க. அடுத்த சுற்று முடிஞ்சதும் பின்சக்கரத்துல ஆயில் கசியுதான்னு பாருங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காரைத் தடத்தில் விடமாட்டார். பயந்து வீட்டுக்குப் போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. பிடிவாதம். எங்கள் அம்மா வழிச் சொத்து அது ஒன்றுதான்.

கடைசிச் சுற்று ஏழு மணிக்கு மேல். கேப்டன் கூட வரவில்லை. நான் மட்டும்.

சூரியன் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தடத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வளைவு எங்கே, வேகம் எவ்வளவு, எதுவும் என் மண்டையில் இல்லை. வலது முழங்கையை லீவரின் மேல் வைத்துக்கொண்டே ஓட்டினேன். நூற்று ஐம்பதில் போகும்போது இது மேலே எழுந்தால்… பின்சக்கரம் பூட்டும். கார் சுழலும். அவ்வளவுதான்.

எழவில்லை.

ஓடும்போது அது ஒருமுறைகூட அசையவில்லை. நிறுத்தினால்தான்.

நிறுத்துமிடத்துக்கு வந்தேன். மணி ஏழு நாற்பத்து நான்கு. நியூட்ரல். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கால் பிரேக்கில். சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை.

இந்த முறை இறங்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வலது உள்ளங்கையை லீவரின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். வரட்டும், பார்க்கலாம்.

குதைபா ஜன்னல் பக்கம் வந்து ஏதோ சொன்னான். தலையில் ஹெல்மெட். எஞ்சின் இரைச்சல் வேறு. காதில் விழவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவன் பின்பக்கம் நடந்தான்.

தூரத்தில் எங்கேயோ மஃரிப் பாங்கு, அந்தித் தொழுகைக்கான அழைப்பு, தொடங்கியது.

கால் கடுத்தது. ஓட்டிய களைப்பு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

டக்.

என் கைக்கு அடியில்.

டக்.

கையோடு சேர்ந்து மேலே வந்தது.

அழுத்தினேன். நிற்கவில்லை.

டக்…

அப்போதுதான் தெரிந்தது. என் கைக்கும் லீவருக்கும் நடுவில் ஏதோ இருந்தது.

இன்னொரு கை.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் உள்ளங்கைக்குக் கீழே விரல் முட்டிகள். நான்கும் தெரிந்தன. சில்லென்று இருந்திருந்தால்கூடத் தேவலை. வெதுவெதுப்பாக இருந்தது. வியர்த்திருந்தது.



உடம்பைத் திருப்பி இரண்டு கையையும் போட்டேன். பட்டனைக் குத்தி, முழு எடையையும் வைத்துக் கீழே தள்ளினேன்.

இறங்கியது. அடிவரைக்கும்.

கார் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. எஞ்சின் நடுக்கம் என்று நினைத்தேன்.

அந்தக் கை இறுகியது.

டக்.

டக்.

நான் தள்ளினேன். அது தூக்கியது.

டக். டக்.

மூச்சு வாங்கியது எனக்கு. அதற்கும்தான். அது மூச்சிரைப்பது கேட்டது. என் காதுக்குப் பக்கத்தில்.

டக். டக்.

டக்.

ஏழு.

கார் குலுங்கி நின்றது.

கைக்குக் கீழே எதுவும் இல்லை. வெறும் லீவர்.

பாங்கு இன்னும் முடியவில்லை.

நின்றது என்றால்… அதுவரை உருண்டுகொண்டிருந்ததா?

கண்ணாடியில் பார்த்தேன். குதைபா இல்லை.

கதவைத் திறந்து விழுந்தடித்து ஓடினேன். அவன் பின்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் படுத்திருந்தான், கையில் டார்ச்சோடு. டயருக்கும் அவன் கழுத்துக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்தது. சட்டைக் காலரின் ஒரு முனை டயருக்கு அடியில் மாட்டியிருந்தது.

"பிரேக்கை விடாதேன்னு சொல்லிட்டுத்தானே படுத்தேன்," என்றான். "ஏன்க்கா விட்டே?"

நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். காலரைக் கத்திரித்துத்தான் அவனை எடுத்தார்கள்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. அம்மா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "சட்டை எங்கடா கிழிஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள். நல்ல வேளையாக நான் கடைசி நொடியில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன் என்று குதைபா இன்றுவரை நம்புகிறான். கல்யாணத்தில் அதைச் சொல்லி என் நெற்றியில் முத்தம் கொடுத்தான். நான் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உயிரைப் பிடித்து நிறுத்திய ஒன்றை, நான் இரண்டு கையாலும் கீழே தள்ளிக்கொண்டிருந்தேன். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு முன்பே, அடுத்த வாரமே, நான் தனியாக ஸல்ட்டுக்குப் போனேன். பட்டப்பகலில்தான்.

அபூ சுஹைப் வாசலில் உட்கார்ந்திருந்தார். காரைக் கண்டதும் எழுந்தார். வலது கை கோட்டுப் பையில்.

"லீவர் தானா மேல வருதுங்க," என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் காரைப் பார்த்தபடி மறுபடி உட்கார்ந்தார்.

"சுஹைப் என் ஒரே பையன்," என்றார். "தெற்கே, மஆன் பக்கம் ஒரு பழைய விமான ஓடுபாதையில இப்படித்தான் கார் விடறாங்கன்னு கிளம்பினான். அவனுக்கு அதுதான் முதல் தடவை. நானும் கூடப் போனேன். ஓட்டி முடிச்சுட்டு வந்தான். அவன் இறங்க, நான் ஸ்டியரிங்ல உட்கார்ந்து பழக்கதோஷத்துல ஹேண்ட்பிரேக்கை இழுக்கக் கையை நீட்டினேன். 'வேணாம்ப்பா, கொதிக்குது, ஒட்டிக்கும்'னான். கையை எடுத்துட்டேன்."

அவர் பார்வை காரின் பின்சக்கரத்துக்குப் போனது.

"எஞ்சினை அணைச்சு, காரைப் பூட்டி, சாவியைப் பையில போட்டேன். தண்ணி வாங்கப் போனேன். அவன் டயரைப் பார்க்கப் பின்னால படுத்திருக்கான். எனக்குத் தெரியாது. தரை மேசை மாதிரிதான்மா இருந்துச்சு."

குரல் உடையவில்லை. பலமுறை சொல்லிப் பழகியவர் போல இருந்தார்.

"ஆளுங்க சேர்ந்து காரைத் தூக்கினாங்க. அப்புறம் நான்தான் கதவைத் திறந்தேன். நாலு கதவும் பூட்டியே இருந்துச்சு. சாவி என் பையில. உள்ள பார்த்தா ஹேண்ட்பிரேக் மேல நிக்குது. ஏழாவது பல்லுல."

"சுஹைப்…" என்று தொடங்கினேன்.

"அவன் மூணு, நாலு பல்லோட விட்டுடுவான். ஏழு வரைக்கும் இழுக்கறது நான் ஒருத்தன்தான்."

கோட்டுப் பையிலிருந்து வலது கையை எடுத்து மடியில் வைத்தார்.

மூடிய கை. நான்கு விரலும் எதையோ பிடித்தது போல வளைந்திருந்தன. கட்டைவிரல் நுனி மடங்கி நின்றது, பட்டனின் மேல் இருப்பது போல. நடுவில் ஒரு லீவர் நுழையும் அளவுக்கு இடம்.

"அன்னையிலேருந்து இது விரியல. டாக்டருங்க நரம்பு நல்லாத்தான் இருக்குங்கறாங்க. வலியும் இல்ல."

நான் ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பத் திரும்பினேன். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

"போன வியாழக்கிழமை மட்டும் வலிச்சுது," என்றார்.

நின்றேன்.

"மஃரிப் பாங்கு கேட்டுட்டு இருந்தேன். இந்தக் கையை யாரோ கீழ அழுத்தினாங்க. முதல்ல ஒரு கை. அப்புறம் ரெண்டு கையும் போட்டு. பொம்பளைக் கை மாதிரி இருந்துச்சு."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் விடலம்மா."